தோல் ஆறிடுச்சு, விரல் மடங்கல: பக்ரீத் அன்னைக்குப் பட்ட கத்திக்காயம், ஒரு நிகழ்வு ஆய்வு

பேஷண்ட்கிட்ட கேட்டு, அவரு சரின்னு சொன்ன பிறகுதான் எழுதறேன். ஆளு யாருன்னு தெரியாத அளவுக்கு சிலத மாத்தியிருக்கேன், ஆனா காயம், பரிசோதனை, எடுத்த முடிவு இதுல எதையும் தொடல. நான் டாக்டர் இல்ல, கடலூர்ல பிசியோதெரபிஸ்ட். கைக்காயம் பாக்கறதுதான் பாதி வேலை. ஹஜ் பெருநாள் (பக்ரீத்) முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு என் டேபிளுக்கு வர்ற கைகள் கொஞ்சம் தனி ரகம், அதுல ஒண்ண முழுசா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்.

ஆளு 34 வயசு, வலது கைப்பழக்கம், துபாய்ல ஏசி மெக்கானிக், ஊரு பரங்கிப்பேட்டை பக்கம். சுகர் பிரஷர் எதுவும் கிடையாது, சிகரெட் மட்டும் உண்டு. 2025 ஜூலை ரெண்டாவது வாரம் வந்தாரு. கையில இருந்த சீட்டுல "வலது மோதிர விரல், சுண்டு விரல் விறைப்பு, பிசியோ" அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு. தையல் போட்ட தழும்பு சுண்டு விரலோட அடியில ஆரம்பிச்சு மோதிர விரல் அடி வரைக்கும் கோடு போட்ட மாதிரி நல்லா ஆறி சுத்தமா இருந்துச்சு, வீக்கம் இல்ல, சீழ் இல்ல, யாரு பாத்தாலும் காயம் சூப்பரா ஆறிடுச்சுன்னுதான் சொல்லுவாங்க. பிரச்சனையே அதுதான்.

அன்னைக்கு நடந்தது

2025ல நம்ம பக்கம் பெருநாள் ஜூன் 7, சனிக்கிழமை. சனி லீவு, மறுநாள் ஞாயிறு, ரெண்டு நாளும் பெரிய டாக்டருங்க பாதி பேரு ஊர்லயே இல்ல, இத மனசுல வச்சுக்கோங்க. ஜூன் மாச கடலோர வெயில் காலையில எட்டு மணிக்கே வியர்வை வழிய விட்டுடும். ஹஜ் பெருநாளைக்குத் தொழுகைக்கு முன்னாடி சாப்பிடாம போறது சுன்னத்து, அதாவது நபிவழி, தொழுதுட்டு வந்து குர்பானி (பலி) குடுத்து அந்தக் கறியிலதான் முதல் வாய்னு பல வீட்ல இருக்கும், அதனால வெறும் வயித்துல, தூக்கம் பத்தாம, வியர்த்த கையோட வருஷத்துக்கு ஒருதடவ கத்தி புடிக்கிற ஆளுங்க வேலையில இறங்கறாங்க. தொழுகைக்கு முன்னாடி அறுத்தா குர்பானியா ஆகாது, அதனால ஊரே ஒரே ரெண்டு மணி நேரத்துக்குள்ள அறுக்குது. கறிக்கடைக்காரர் ஒரு ஊருக்கு எத்தன பேரு இருப்பாங்க? இவங்க வீட்டுக்கு ஒம்போது மணின்னு சொன்ன பாய் பத்தாச்சு, பதினொண்ணாச்சு, "இன்னும் மூணு வீடு இருக்கு, லுஹருக்குள்ள (மதியத் தொழுகைக்குள்ள) வந்துடறேன்"னு போன்ல சொல்லிட்டாரு.

ஆட்டை அறுத்தது பள்ளிவாசல் மோதினார், அதாவது பாங்கு சொல்றவரு. பிஸ்மி சொல்லி, கழுத்துல கத்தி வச்சு, அரை நிமிஷ வேலை, முடிச்சுட்டு அடுத்த தெருவுக்குப் போயிட்டாரு. அந்த நேரத்துல ஒருத்தருக்கும் ஒரு கீறல் கூட இல்ல. எல்லாரும் காயம் ஆட்டை அறுக்கறப்போதான் படும்னு நெனைக்கறாங்க, என்கிட்ட வந்த கைங்கள்ல அது ரொம்ப கம்மி. அறுக்கறவரு தொழில் தெரிஞ்சவரா இருப்பாரு, நாலு பேரு கால அமுக்கிப் புடிச்சிருப்பாங்க, எல்லார் கவனமும் அங்கதான் இருக்கும். காயம் படறது அதுக்கப்புறம், ஆடு அசையாம கிடக்கறப்போ, பயம் போன பிறகு.

கறிக்கடை பாய் வர லேட்டாகுதுன்னு மச்சான்மாருங்க மூணு பேரும் "யூடியூப்ல பாத்தா போச்சு, நாமளே உரிச்சிடலாம்"னு வேப்பமரக் கிளையில ஆட்டைத் தொங்க விட்டாங்க. தோல் மதரசாவுக்குப் போறது, ஓட்டை விழுந்தா விலை போகாது, அதனால தோல் பக்கம் கத்தி படாம கறி பக்கம் சாய்ச்சுப் புடிச்சு மெதுவா உரிக்கணும்னு வாப்பா பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். தோலை நல்லபடியா உரிச்சுட்டாங்க. பெருமையா போட்டோ கூட எடுத்திருக்காங்க, எனக்கும் காட்டினாரு.

பின்னங்கால இடுப்பு மூட்டுல பிரிக்கறப்போதான் விஷயம் நடந்துச்சு. கத்தி துபாய்ல வாங்கின கிச்சன் செட்ல உள்ளது, வழவழப்பான பிளாஸ்டிக் கைப்பிடி, பிடிக்கும் அலகுக்கும் நடுவுல தடுப்பு மாதிரி எதுவும் கிடையாது. கை முழுக்க ரத்தமும் கொழுப்பும். மூட்டுக்குள்ள முனைய விட்டு அழுத்திக் குத்தினாரு, முனை எலும்புல முட்டி நின்னுடுச்சு, கத்தி நின்னுச்சு, கை நிக்கல. கை அப்படியே வழுக்கி முன்னால போய் அலகு மேலயே ஏறிடுச்சு. கடைசி ரெண்டு விரலோட அடியில வெட்டு.

ரத்தம் கொட்டினதும் உம்மா உள்ள ஓடிப்போய் காப்பித்தூள் டப்பாவ எடுத்துட்டு வந்து ஒரு கை அள்ளி வச்சு அமுக்கிட்டாங்க, மேல துண்டு சுத்தினாங்க. அப்புறம் யாரோ ஒரு பெரியவரு "விரலை நீட்டிக் காட்டு தம்பி"ன்னு சொல்லியிருக்காரு, இவரும் நீட்டினாரு, நல்லா நீண்டுச்சு, "அல்ஹம்துலில்லாஹ், நரம்பு போகல, அசையுது பாரு"ன்னு எல்லாரும் மூச்சு விட்டாங்க.

விரல நீட்டறது புறங்கை பக்கம் ஓடற தசைநாருங்க, அதாவது தசைய எலும்போட இணைக்கற கயிறு மாதிரியான நாருங்க. மடக்கறது உள்ளங்கை பக்கம் ஓடறது. உள்ளங்கைப் பக்கம் வெட்டுப்பட்டவர நீட்டச் சொல்லி டெஸ்ட் பண்றது முன் டயர் பஞ்சரான வண்டிக்குப் பின் டயர்ல காத்து பாக்கற மாதிரி. அந்தப் பெரியவர குத்தம் சொல்லல, அவரு என்ன படிச்சுட்டா வந்திருக்காரு. ஆனா அந்த ஒரு வார்த்தையால வீட்ல இருந்த அவசரம் போயிடுச்சு, அதான் விஷயம்.

கிளினிக்ல

பக்கத்துல திறந்திருந்த ஒரு கிளினிக்குக்குப் போனாங்க. அங்க ஏற்கனவே வரிசையா ஆளு, ஒருத்தருக்கு கட்டைவிரல், ஒரு சின்னப் பையனுக்கு காலு, ஒரு அம்மாவுக்கு அரிவாள்மணையில விரல் நுனி. மரத்துப்போற ஊசி போட்டு, காப்பித்தூள கழுவி, உள்ள பாத்து, ஏழு தையல் போட்டு, டெட்டனஸ் ஊசி, ஆன்டிபயாடிக், கட்டு. வெட்டு சின்னதுதான், பயப்பட வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

இங்க ரெண்டு விஷயம் தப்பா போயிருக்கு, ரெண்டுமே அந்த டாக்டர் சோம்பேறித்தனத்தால வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஒண்ணு, மரத்துப்போற ஊசிய முதல்ல போட்டுட்டாங்க. உணர்ச்சி நரம்பு அறுந்திருக்கான்னு ஊசிக்கு முன்னாடிதான் பாக்க முடியும். ஒவ்வொரு விரலுக்கும் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு உணர்ச்சி நரம்பு போகுது, விரல் நுனியில இடது பக்கம் தனியா வலது பக்கம் தனியா தொட்டுக் கேக்கணும், ஊசி போட்டுட்டா எல்லாமே மரத்துத்தான் இருக்கும்.

ரெண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது, இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது. வெட்டுப் படறப்போ இவரு கத்திய இறுக்கிப் புடிச்சிட்டிருந்தாரு, அதாவது விரல் மடங்கியிருந்துச்சு. மடங்கின நிலையில தசைநாரு உள்ளங்கை பக்கமா இழுபட்டு நிக்கும். அந்த நிலையில வெட்டுப்பட்டு, அப்புறம் கிளினிக்ல டேபிள் மேல விரல நீட்டி வச்சு காயத்துக்குள்ள பாத்தா, அறுந்த நாரோட விரல் பக்க நுனி முன்னால நகர்ந்து விரலுக்குள்ள போயிருக்கும், இந்தப் பக்க நுனி தசை இழுத்து உள்ளங்கைக்குள்ள ஓடியிருக்கும். தோல் வெட்டுக்கு நேர் கீழ பாத்தா அறுந்த நுனி எதுவும் கண்ணுல படாது. காப்பித்தூள் கறை வேற, எது ரத்தக்கட்டி எது நாருன்னு தெரியாத கருப்பு. நார் தெரியல, அப்போ நார் வரைக்கும் வெட்டு போகலன்னு ஒரு முடிவுக்கு வந்திருப்பாங்க. மடக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், அதுவும் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியா.

பத்து நாள் கழிச்சு தையல் பிரிச்சாங்க. சுண்டு விரல் நீட்டின மாதிரியே நிக்குது, மோதிர விரல் நுனி மடங்கல. "கட்டு போட்டதால விறைச்சிருக்கு, பந்து வச்சு அமுக்குங்க"ன்னு சொல்லியிருக்காங்க. இவரும் மூணு வாரம் ஸ்பான்ஞ் பந்து அமுக்கியிருக்காரு, மிச்ச மூணு விரல் நல்லா பலமாயிடுச்சு.

என்கிட்ட வந்தப்போ பாத்தது

கையைத் தொடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. கைய மல்லாக்க டேபிள் மேல சும்மா வைக்கச் சொன்னேன். யாரு கையா இருந்தாலும் சும்மா வச்சா ஆள்காட்டி விரல் கொஞ்சமா, நடுவிரல் அதைவிடக் கொஞ்சம் அதிகமா, சுண்டு விரல் எல்லாத்தையும் விட அதிகமா வளைஞ்சு படிப்படியா நிக்கும். நீங்களே இப்ப வச்சுப் பாருங்க. இவருக்கு அந்த வரிசையில சுண்டு விரல் மட்டும் தனியா நீட்டிக்கிட்டு கிடந்துச்சு. விறைப்பா இருந்தா நான் மடக்கினாலும் மடங்கக் கூடாது, ஆனா என் கையால மடக்கினா மூணு மூட்டும் வழுவழுன்னு முழுசா மடங்குது, அவரால மட்டும் முடியல. அப்போ மூட்டு சரியா இருக்கு, இழுக்கற கயிறுதான் இல்ல. விறைப்புங்கற சீட்டு அங்கயே செல்லாம போச்சு.

ஒவ்வொரு விரலுக்கும் மடக்கற நாரு ரெண்டு, மேல ஒண்ணு ஆழத்துல ஒண்ணு. ஆழத்துல போறது விரல் நுனி மூட்டை மடக்கும், மேல உள்ளது நடு மூட்டை. நடு மூட்ட நான் நீட்டிப் புடிச்சுக்கிட்டு நுனிய மட்டும் மடக்கச் சொன்னா ஆழ நாரு தெரியும், மத்த விரலெல்லாம் நீட்டிப் புடிச்சுக்கிட்டு ஒரு விரல மட்டும் மடக்கச் சொன்னா மேல் நாரு தெரியும். மோதிர விரல்ல மேல் நாரு வேலை செய்யுது, ஆழ நாரு இல்ல. சுண்டு விரல்ல ரெண்டுமே இல்ல. சுண்டு விரல்ல மேல் நாரு பிறவியிலயே சரியா வேலை செய்யாதவங்க நிறைய பேரு இருக்காங்க, அதனால இடது கையையும் பாத்தேன், அதுல வேலை செய்யுது, ஆக இங்க வெட்டுல போனதுதான்.

அப்புறம் உணர்ச்சி. சுண்டு விரலோட வெளிப்பக்கம், அதாவது எழுதறப்போ மேஜையில உரசற பக்கம், சுத்தமா மரத்திருந்துச்சு. அங்க ஒரு ஆறின கொப்புளத் தழும்பும் இருந்துச்சு. கேட்டா டீ டம்ளர் சூடு தெரியாம புடிச்சுட்டேன்னாரு. அதையும் அவரு யார்கிட்டயும் சொல்லல, காயம் ஆறறப்போ இப்படித்தான் இருக்கும்னு நெனச்சாராம்.

புதுச்சேரியில ஒரு கை சர்ஜன்கிட்ட அனுப்பினேன். ஸ்கேன்ல சுண்டு விரலோட ஆழ நாரு உள்ளங்கை நடுவுக்கே இழுத்துக்கிட்டுப் போயிருந்தது உறுதியாச்சு.

ஏன் அஞ்சு வாரம் இவ்வளவு பெரிய விஷயம்

விரல் அடியிலருந்து நடு மூட்டைத் தாண்டி கொஞ்ச தூரம் வரைக்கும் உள்ள பகுதிய கை சர்ஜன்மாருங்க ரெண்டாவது மண்டலம்னு சொல்லுவாங்க. அங்க ரெண்டு நாரும் ஒரே குறுகலான உறைக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஓடுது. நாரைச் சேர்த்துத் தைச்சாலும் அது உறையோட ஒட்டிக்கிட்டா அசையாது, ஒட்டாம இருக்க சீக்கிரம் அசைச்சா தையல் பிஞ்சுடும். ஒரு காலத்துல அங்க அறுந்தா உடனே தைக்காதீங்க, பின்னாடி வேற இடத்து நாரை எடுத்து வச்சுக்கலாம்னே பெரிய சர்ஜன்மாருங்க சொல்லிட்டிருந்தாங்க. இப்போ அப்படி இல்ல, முதல் ஒரு வாரத்துக்குள்ள, போனா ரெண்டு வாரத்துக்குள்ள தைச்சுட்டா நல்ல ரிசல்ட் வருது. மூணு நாலு வாரம் தாண்டினா தசை சுருங்கிடும், நுனி வீங்கிடும், காலியா கிடக்கற உறை தழும்பாகி மூடிக்கும். அப்புறம் நுனிய இழுத்து நுனியோட சேர்க்கறதுங்கறது நடக்காத காரியம்.

ஒரு விஷயம் சொல்லணும், கை சர்ஜரிக்கு இந்தியாவுல பேர் வாங்கின ஊருங்க சிலது நம்ம பக்கம்தான். வேலூர் சிஎம்சிக்கு 1946ல வந்த பால் பிராண்ட் தொழுநோயால மடங்கிப்போன கைகளுக்கு நாரு மாத்தி வச்சு அங்கதான் வேலை பண்ணினாரு, சென்னை ஸ்டான்லியில ஆர். வெங்கடசாமி கை சர்ஜரிக்குன்னே தனி டிபார்ட்மெண்ட் உருவாக்கினாரு. நம்ம பக்கத்துலயே ஜிப்மர்ல பிளாஸ்டிக் சர்ஜரி இருக்கு, பெருநாள் லீவுல ஓபி இருக்காது, ஆனா எமர்ஜென்சி இருபத்திநாலு மணி நேரமும் ஓடும். ஆள் இருக்காங்க, வசதி இருக்கு, ஆனா "இது நாரு அறுந்த கேஸ்"னு முதல் நாளே யாராவது கண்டுபிடிச்சு அனுப்பணும்ல.

இதே பெருநாள்ல, இதே மாதிரி வெட்டுப்பட்ட இன்னொரு பையனும் என்கிட்ட வந்தான். காலேஜ் படிக்கறவன், நெல்லிக்குப்பம் பக்கம், இடது ஆள்காட்டி விரல், தோல் உரிக்கறப்போ. அவன பாத்த கேஷுவாலிட்டி ஹவுஸ் சர்ஜன் பொண்ணு ஊசி போடறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு மூட்டா மடக்கச் சொல்லி, நுனி மடங்கலன்னதும் தோலை மட்டும் லேசா மூடி கட்டுப் போட்டு, கையோட புதுச்சேரிக்கு அனுப்பிடுச்சு. மறுநாள் சர்ஜரி. மயக்க ஊசி இல்லாம, கை மட்டும் மரத்துப்போற மாதிரி அட்ரினலின் கலந்த மருந்து போட்டு, பையன் முழிச்சிருக்கறப்பவே தைச்சுட்டு "இப்ப மடக்கிக் காட்டு"ன்னு டேபிள்லயே மடக்க வச்சுப் பாத்திருக்காங்க, தையல் உறையில மாட்டுதா இடைவெளி விழுதான்னு அப்பவே தெரிஞ்சுடும். கனடாவுல டொனால்ட் லலோண்ட்ங்கற சர்ஜன் இந்த முறையப் பரப்பினாரு, இப்போ நம்ம ஊர்லயும் நிறைய பண்றாங்க.

அவனுக்கு நாலாவது நாள்லயே என் வேலை ஆரம்பிச்சுடுச்சு. புறங்கை பக்கம் ஸ்பிளின்ட் (கையத் தாங்கற அச்சு), விரல முழுசா நீட்ட விடாது, ஆனா மடக்கலாம். ஆறு வாரம் அதோடதான். முதல் ரெண்டு வாரம்தான் கண்டம், நாரு தையல் அப்போதான் ரொம்ப பலவீனமா இருக்கும், வலி குறைஞ்சுடுச்சேன்னு பக்கெட்டைத் தூக்கினா டப்புன்னு போயிடும். அவங்க அத்தாவ உக்கார வச்சு "பாய், வண்டி ஓட்டக் கூடாது, மொபைல் கூட அந்தக் கையில வேணாம்"னு கண்டிப்பா சொன்னேன். பன்னெண்டு வாரத்துக்கு மேலதான் பாரம் தூக்க விட்டேன். செப்டம்பர்ல அவன் விரல் நுனி கிட்டத்தட்ட உள்ளங்கையத் தொட்டுடுச்சு. ஒரே மாதிரி வெட்டு, ஒரே நாளு, முதல் அரை மணி நேரத்துல யாரு எப்படிப் பாத்தாங்கங்கறது மட்டும்தான் வித்தியாசம்.

சர்ஜன் என்ன சொன்னாரு, இவரு என்ன முடிவெடுத்தாரு

மோதிர விரல விட்டுடலாம்னாரு சர்ஜன். மேல் நாரு வேலை செய்யுது, நடு மூட்டு மடங்குது, நுனிக்காக உள்ள கைய வச்சா நல்லா இருக்கற மேல் நாரும் ஒட்டிக்க வாய்ப்பிருக்கு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு.

சுண்டு விரலுக்கு ரெண்டு கட்ட ஆபரேஷன். முதல்ல சிலிகோன் குச்சி ஒண்ண நாரு ஓடற வழியில வச்சு தைச்சுடுவாங்க, மூணு மாசத்துல அதச் சுத்தி புது உறை உருவாகும். அப்புறம் குச்சிய எடுத்துட்டு மணிக்கட்டுப் பக்கம் இருக்கற பால்மாரிஸ் நாரை எடுத்து அந்த வழியில கோர்த்து விடுவாங்க. அந்த நாரு நூத்துல பதினஞ்சு பேருக்குப் பிறவியிலயே இருக்காது, இவருக்கு இருந்துச்சு, கட்டைவிரலும் சுண்டு விரலும் சேர்த்து மணிக்கட்ட மடக்கினா தெளிவா எம்பிச்சு. அதுக்கப்புறம் இன்னொரு மூணு மாசம் ஸ்பிளின்ட்டும் பயிற்சியும். மரத்துப்போன பக்கத்து உணர்ச்சி நரம்பையும் முதல் ஆபரேஷன்லயே சேர்க்கப் பாக்கலாம், நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குல வளரும், நுனி வரைக்கும் போக சில மாசம்.

மூணும் மூணும் ஆறு. அமீரக ரெசிடென்ஸ் விசா ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா பொதுவா செல்லாம போயிடும், அவரு ஊருக்கு வந்தே ரெண்டு மாசம் ஆகப்போகுது. வீட்ல தங்கச்சி கல்யாணக் கடன் வேற. ரெண்டு நாள் யோசிச்சுட்டு வந்து "பாய், சுண்டு விரலுக்காக வேலைய விட முடியாது"ன்னாரு. அந்தச் சூழ்நிலையில நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், ஆனா சுண்டு விரல் ஒண்ணும் சும்மா தொங்கற விரல் இல்ல, ஸ்பேனர இறுக்கிப் புடிக்கற பலத்துல பெரிய பங்கு கடைசி ரெண்டு விரலோடது, ஏசி மெக்கானிக்குக்கு அது தெரியும். பிடி பலம் அளந்து பாத்தேன், வலது கை இடது கையைவிடக் கம்மி, வலது கைக்காரருக்கு அது தலைகீழா இருக்கணும்.

மத்த காயங்க

இந்த சீசன்ல வர்றது நாரு வெட்டு மட்டும் இல்ல. துருக்கியில வருஷா வருஷம் பெருநாள் அன்னைக்கு ஆயிரக்கணக்குல கத்துக்குட்டிங்க ஆஸ்பத்திரியில நிக்கற நியூஸ் வரும், அங்க டாக்டருங்க இத வச்சு நிறைய ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்காங்க, பெரும்பாலும் கைதான். நம்ம பக்கமும் கதை அதேதான். கறிக்கட்டையில ஒருத்தர் கறியப் புடிக்க இன்னொருத்தர் வெட்டுக்கத்தியால போடறது, இதுல புடிக்கறவரோட கட்டைவிரல் போகும், இத மட்டும் எந்த வீட்லயும் விடாதீங்க, வெட்டறவரே புடிக்கணும். எலும்பு தெறிச்சு கண்ணுல படறது ஒண்ணு, கருவிழி வரைக்கும் கிழிச்சிருக்கும், கண்ணைக் கசக்காம, தண்ணி பீச்சாம, மேல ஒரு பேப்பர் கப் கவுத்து வச்சுக்கிட்டு ஓடணும். கை தவறி விழற கத்தியப் புடிக்கப் போறது ஒண்ணு. விழட்டும், பின்னால நகருங்க.

விரல் துண்டாப் போயிட்டா அந்தத் துண்ட ஐஸ்ல நேரா போடக் கூடாது, ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டி, அந்தக் கவர ஐஸ் மேல வைக்கணும். குளிர்ச்சியா வச்சா விரலுக்கு ஒரு நாள் வரைக்கும் கூட டைம் கிடைக்கும்.

வெட்டே இல்லாம, பெருநாள் கழிச்சு ஒரு வாரத்துல விரல்ல சிவப்பா ஒரு கட்டி கிளம்பி நடுவுல வெள்ளையா தண்ணி கட்டின மாதிரி நிக்கறதும் உண்டு. ஆட்டு வாயச் சுத்தி புண்ணு வர வைக்கற ஆர்ஃப்ங்கற வைரஸ், தலைக்கறி சுத்தம் பண்ற பெண்களுக்கும் வரலாம். சீழ்க்கட்டின்னு நெனச்சு கீறி விடறாங்க, தேவையே இல்ல, ஆறேழு வாரத்துல தானா போயிடும். ஆனா வலியே இல்லாம கருப்பா பொருக்கு கட்டினா அது வேற, அடைப்பான் நோயா இருக்கலாம், உடனே டாக்டர்.

காப்பித்தூள், மஞ்சத்தூள், சுண்ணாம்பு எதுவும் வேணாம். சுத்தமான துணிய மடிச்சு காயத்து மேல வச்சு பத்து நிமிஷம் எடுத்து எடுத்துப் பாக்காம அமுக்குங்க, கைய நெஞ்சுக்கு மேல தூக்கி வைங்க, கயிறு போட்டு இறுக்காதீங்க. டாக்டர்கிட்ட போனதும் "ஊசிக்கு முன்னாடி விரல் நுனி மடங்குதான்னு பாத்துடுங்க சார், நுனி மரத்திருக்கான்னு பாத்துடுங்க"ன்னு வாய் விட்டுக் கேளுங்க. கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க, கூட்டத்துல அவங்களுக்கும் அது ஒரு ஞாபகப்படுத்தல்.

தடுக்கறதப் பத்தி ஒரு பேச்சு

இவரு கேஸக் கேட்டுட்டு ஒருத்தர் உடனே ஆன்லைன்ல ஸ்டீல் கண்ணி கிளவுஸ் ஆர்டர் போட்டாரு. நல்லதுதான், ஆனா வழக்கமா அத இடது கையில போடுவாங்க, இவருக்கு வெட்டு பட்டது கத்தி புடிச்ச கையில. இவரக் காப்பாத்தியிருக்கக் கூடியது தடுப்பு வச்ச, சொரசொரப்பான பிடி உள்ள கறிக்கடைக் கத்தி, அப்பப்ப கையைத் துடைக்க ஒரு துணி, முக்கியமா சாணை. மொக்கைக் கத்திதான் அழுத்திக் குத்த வைக்குது, அழுத்தறப்போதான் வழுக்குது. கத்திய நல்லா தீட்டிக்கோங்க, பிராணிக்கு வேதனை குடுக்காதீங்கன்னு ஹதீஸே இருக்கு, அது ஆட்டுக்காகச் சொன்னது, நம்ம கைக்கும் அதுல லாபம்.

"நம்ம கையாலயே பண்ணினாதான் நன்மை"ன்னு ஒரு வாதம் வீட்டுக்கு வீடு வரும். தன் கையால அறுக்கறது சிறப்புதான், யாரு இல்லன்னா. ஆனா ஹஜ்ஜத்துல் விதாவுல, அதாவது தன்னோட கடைசி ஹஜ்ஜுல, நபி ஸல் அவங்க நூறு ஒட்டகத்துல 63 தன் கையால அறுத்துட்டு மீதிய அலி ரலி அவங்ககிட்ட குடுத்துட்டாங்கன்னு முஸ்லிம்ங்கற ஹதீஸ் கிதாபுலயே இருக்கு, அடுத்தவர்கிட்ட ஒப்படைக்கறதுக்கு இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும். அதுவும் அறுக்கறதப் பத்தின பேச்சு. உரிக்கறதையும் கொத்தறதையும் நாமளே பண்ணணும்னு எந்த மத்ஹப்லயும் (மார்க்கச் சட்டப் பிரிவு) நான் கேள்விப்பட்டதில்ல. கறிக்கடைக்காரருக்குக் கூலிய கறியிலயோ தோல்லயோ கழிக்கக் கூடாது, தனியா காசா குடுக்கணும், அந்தக் காச மிச்சம் புடிக்கத்தான் பாதி வீட்ல மச்சான்மாருங்க கத்தியத் தூக்கறாங்க, உண்மைய சொல்லணும்னா. குர்பானி குடுக்க ஷாஃபி மத்ஹபுக்கு நாலு நாள் டைம் இருக்கு, ஹனஃபிக்கு மூணு நாள். பரங்கிப்பேட்டை மாதிரி ஷாஃபி ஊர்ல துல்ஹஜ் பதிமூணாம் பிறை வரைக்கும் குடுக்கலாம், எல்லாரும் முதல் நாள் காலையிலயே முண்டியடிக்கறோம். ஜமாஅத் தெருவாரியா நாள் பிரிச்சுக் குடுத்தா ஊர்ல இருக்கற அஞ்சாறு கறிக்கடைக்காரரே போதும். எங்க மஹல்லாவுல (பள்ளிவாசல் வட்டாரத்துல) இத ரெண்டு தடவ பேசினேன், "முதல் நாள்தான் சிறப்பு"ன்னு பதில் வந்துச்சு, அவங்க சொல்றதும் தப்பில்ல, ஆனா கூட்டத்தைக் குறைக்க வேற வழி எனக்குத் தெரியல.

இப்ப நிலவரம்

ஜூலை கடைசியில துபாய் திரும்பிட்டாரு. போறதுக்கு முன்னாடி மூணு விஷயம் சொல்லிக் குடுத்து அனுப்பினேன். சுண்டு விரல மோதிர விரலோட சேர்த்துக் கட்டி வேலை பாக்கறது, அது எங்கயும் மாட்டி முறியாம இருக்கறதுக்கு. மரத்த பக்கத்த சூடான பைப்புலயும் கூர்மையான தகடுலயும் படாம கண்ணால பாத்துப் பாத்து வேலை செய்யறது, அவரு தொழில்ல ரெண்டுக்கும் பஞ்சமே இல்ல. தழும்பு மேல தட்டினா சுருக்குன்னு இருக்கு, அது அறுந்த நரம்பு நுனி, அத பஞ்சு, துணி, அரிசின்னு வரிசையா உரசிப் பழக்கறது. ஸ்பேனருக்கு சைக்கிள் டியூப் சுத்தி பிடிய தடிமனாக்கிக்கிட்டாரு, அது அவரோட சொந்த ஐடியா, நல்லா வேலை செய்யுதாம்.

போன மாசம் வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாரு, "அடுத்த லீவ நீட்டிக் குடுக்கறேன்னு முதலாளி சொல்றாரு பாய், அப்ப வந்தா அந்தக் குச்சி வைக்கற ஆபரேஷன் இன்னும் பண்ண முடியுமா, லேட்டாயிடுச்சா?" முடியும். இந்த ஆபரேஷனுக்கு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் தள்ளிப் போறது பெரிய தடை இல்ல, மூட்டு மூணும் வெளியிலருந்து மடக்கினா முழுசா மடங்கணும், அதான் கண்டிஷன். விறைச்சுப்போன விரலுக்கு எந்த சர்ஜனும் நாரு வைக்க மாட்டாரு. தினமும் ஃபஜ்ர் (விடியற்காலைத் தொழுகை) தொழுதுட்டு இடது கையால அந்த விரல மூணு மூட்டும் உள்ளங்கையத் தொடற வரைக்கும் இருபது தடவ மடக்கி நீட்டுங்க, ராத்திரி படுக்கறப்போ இன்னொரு இருபது, சிகரெட்ட இப்பவே விட்டுடுங்கன்னு பதில் அனுப்பியிருக்கேன். மடக்கறத பண்றாராம், சிகரெட்டுக்கு மட்டும் இன்னும் பதில் வரல.